பாகு கடைசியில்தான்

தியானப் பகுதி: நீதிமொழிகள் 26:23, அப்போஸ்தலர் 10, கலாத்தியர் 2:11-14, ரோமர் 14



நம் வீடுகளில் பண்டிகைப் பலகாரங்களுக்கான ஆயத்தங்கள் தொடங்கிவிட்டன. அதிரச மாவு பானையில் ஊறிக்கொண்டிருக்கிறது. அச்சு முறுக்குக்கும் கலகலாவுக்கும் மாவு சலிக்கப்படுகிறது. இவ்வாண்டு மற்றொரு பண்டமும் சில வீடுகளுக்கு வரவிருக்கிறது. பெங்களூரிலும் சென்னையிலும் பணிபுரியும் நம் பிள்ளைகள், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வரும்போது ஹாம் வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உப்பில் ஊறிப் பதப்பட்ட பன்றித் தொடை இறைச்சியே ஹாம். அதன்மேல் பளபளவென்று ஒரு பாகு பூசிச் சுடுவார்களே, அந்தப் பாகை வீட்டிலேயே எளிமையாகச் செய்ய முடியுமா என்று மூன்று குடும்பத்தார் என்னிடம் கேட்டார்கள்.

போதகரிடம் கேட்கும் கேள்வியா இது என்று சிலர் சிரிக்கலாம். எனக்கு அது தெரியும் என்பதால் கேட்டார்கள். தெரிந்ததைச் சொல்வதில் தவறில்லை. அதைச் சொல்லும்போதே, அந்தப் பாகு வெகுநாளாக என் உள்ளத்தில் எழுப்பிவரும் ஒரு காரியத்தையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

காவிரிக் கரையில் ஹாம் முற்றிலும் அந்நியமான பண்டம் அன்று. தென்னிந்திய இரயில்வேயின் பெரிய பணிமனை ஒருகாலத்தில் நாகப்பட்டினத்தில் இருந்தது. 1928-இல் அது திருச்சிராப்பள்ளிக்கு அருகே பொன்மலைக்கு இடம்பெயர்ந்தது. பணிமனையோடு அதில் வேலை செய்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களும் கடற்கரையிலிருந்து பொன்மலைக்குக் குடிபெயர்ந்தன. இரயில்வே குடியிருப்பின் அந்த வீடுகளில் கிறிஸ்துமஸ் என்றால் பிளம் கேக், கலகல், அதனுடன் ஹாம். திருச்சியில் நான் உதவிப் போதகராக இருந்த நாட்களில், பொன்மலையில் தனியே வாழ்ந்துவந்த ஒரு மூதாட்டியின் வீட்டுக்கு ஜெபிக்கச் செல்வது வழக்கம். நாகப்பட்டினத்தில் பிறந்து, சிறு குழந்தையாகப் பொன்மலைக்கு வந்தவர் அவர். அவருடைய சமையலறையில்தான் இந்தப் பாகைக் கற்றுக்கொண்டேன்.

இனிச் செய்முறைக்கு வருவோம். ஏறத்தாழ இரண்டு கிலோ எடையுள்ள ஹாமுக்கு 200 கிராம் வெல்லம், அரை டம்ளர் தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி வினிகர், இரண்டு தேக்கரண்டி கடுகுத்தூள், அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், ஒரு கைப்பிடி கிராம்பு போதும். வினிகர் இல்லாவிடில் ஓர் எலுமிச்சம்பழத்தின் சாறு. உப்புச் சேர்க்க வேண்டாம். இறைச்சியிலேயே வேண்டிய உப்பு இருக்கிறது.

வெளிநாட்டுப் புத்தகங்களில் பழுப்புச் சர்க்கரை என்று எழுதியிருக்கும். அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. பாபநாசம் வட்டத்து வீரமாங்குடியின் அச்சு வெல்லம் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மார்கழியில் அப்பக்கம் சென்றவர்கள் கண்டிருப்பீர்கள்: பொங்கலை எதிர்நோக்கிக் கொட்டகைகளில் கரும்புச்சாறு கொப்பரைகளில் கொதித்துக்கொண்டிருக்கும். பொங்கிவரும் அழுக்கு நுரையை ஆட்கள் ஓயாமல் வழித்து எடுத்துக்கொண்டிருப்பார்கள். வெல்லம் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வெளிர்மஞ்சளாகப் பளிச்சென்று இருப்பதைத் தேடாதீர்கள். அந்த நிறத்திற்காகவே ஹைட்ரோஸ் என்னும் இரசாயனத்தைக் கலப்பவர்கள் உண்டு. சற்றே கருத்த வெல்லம் பார்வைக்கு எளியது. ஆனால் கரும்பின் மணமும் சுவையும் அதில்தான் நிறைந்திருக்கும்.

வெல்லத்தைத் தட்டித் தண்ணீரில் கரையவிட்டு, கரைந்ததும் வடிகட்டுங்கள். மண்ணும் சக்கைத் தூளும் அடியில் தங்கும். வடித்ததை அடி கனத்த பாத்திரத்தில் ஊற்றி, வினிகர் சேர்த்து, சிறு தீயில் கொதிக்கவிடுங்கள். புளிப்பு சேர்வதால் பாகு மீண்டும் சர்க்கரையாக இறுகிப் பூத்துப்போகாது. திகட்டும் இனிப்பும் தணியும். அதிரசத்துக்குத் தண்ணீரில் விட்டால் உருட்ட வரும் பதம் வரை காய்ச்சுகிறோமே, அவ்வளவு வேண்டாம். கம்பிப் பதம்கூட வேண்டாம். விரல்களுக்கிடையே பிசுபிசுக்க வேண்டும்; ஒரு சொட்டைத் தட்டில் விட்டால் தேனைப்போல மெல்லப் பரவ வேண்டும். அப்போதே இறக்கிவிடுங்கள். ஆறினால் இன்னும் கெட்டிப்படும். இறக்கிய பின்பு கடுகுத்தூளையும் மிளகுத்தூளையும் கலந்தால் காரமும் மணமும் குன்றாது.

இவ்வளவுதான் பாகு, கால் மணி நேர வேலை. ஆனால் இதற்கு முன்னும் பின்னும் உள்ள காரியங்களில்தான் பலரும் பொறுமை இழக்கிறார்கள். ஏற்கெனவே வேகவைத்து விற்கும் ஹாமும் உண்டு, பதப்படுத்தியது மட்டுமேயான பச்சை ஹாமும் உண்டு. எதுவென்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பச்சையாயின் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து மிகுதியான உப்பைப் போக்க வேண்டும். பிறகு புதுத் தண்ணீரில், கிலோவுக்கு முக்கால் மணி நேரம் என்னும் கணக்கில், மெதுவாக வேகவைக்க வேண்டும். உள்நடுவில் வெப்பம் 71 பாகை செல்சியஸை எட்டினால் அச்சமின்றி உண்ணலாம். வெப்பமானி இல்லாதவர்கள் நடுவில் கத்தியை இறக்கி, வடியும் சாறு தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். அரைவேக்காட்டுப் பன்றி இறைச்சி நாடாப்புழு போன்ற நோய்களுக்கு வாசல் திறந்துவிடும்.

நன்றாக வெந்த பின்பு மேல்தோலை உரித்து, கொழுப்பின்மேல் கட்டம் கட்டமாகக் கீறி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கிராம்பைக் குத்தி, பாகைத் தடவி, 180 பாகை சூட்டில் வையுங்கள். பத்து நிமிடத்திற்கு ஒருமுறையாக இன்னும் இருமுறை பாகு தடவினால், அரை மணி நேரத்தில் செம்பழுப்பு நிறம் வந்துவிடும். ஓவன் இல்லாத வீடுகளில், கனத்த பாத்திரத்தில் வைத்து, மூடியின்மேல் தணல் பரப்பிச் சுடலாம். கேக் மாவைக் கொண்டுபோய் பேக்கரி அடுப்பில் வேகவைத்து வாங்கிவந்த நாட்கள் நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும், அவ்வழியும் உண்டு.

தொடக்கத்திலேயே பாகைத் தடவிவிட்டால் என்ன என்று அந்தப் பொன்மலை அம்மையாரிடம் கேட்டேன். அவர் சொன்னார்: "பாகு கடைசியிலதான், பாஸ்டர். மொதல்ல போட்டா மேல கருகிடும், உள்ள பச்சையா இருக்கும். பாக்க அழகாத்தான் இருக்கும். வெட்டுனாத்தான் தெரியும்."

சர்க்கரைக்கு அதுவே இயல்பு. இறைச்சி வேகக் காத்திருக்கும் பொறுமை அதற்கு இல்லை; அரை மணி நேரத்தில் சிவந்து, அதற்குமேல் கருகி, கசந்துபோகும். உள்ளே வெந்ததற்கு அழகு சேர்க்கப் பாகால் இயலும். வேகாததை வேகவைக்க இயலாது. அதை மறைக்க மட்டுமே இயலும்.

பிரியமானவர்களே, நீதிமொழிகள் 26-ஆம் அதிகாரத்தின் 23-ஆம் வசனத்தைத் திறந்து வாசியுங்கள். உதட்டில் நேசத்தின் அனலும் உள்ளத்தில் தீமையும் கொண்ட மனிதனை, மேலே வெள்ளி பூசிய மண்ணோட்டுக்கு ஞானி ஒப்பிடுகிறார். எபிரெய மூலத்தில் அங்குள்ள சொற்கள் வெள்ளியின் கசடைக் குறிப்பவை. 1929-இல் சிரியாவின் ராஸ் ஷம்ராவில் பழைய உகரித் மொழிக் களிமண் பலகைகள் கிடைத்த பிறகு, அவற்றில் கண்ட ஒரு சொல்லைக் கொண்டு, இவ்வசனம் மண்பாண்டத்தின்மேல் பூசும் பளபளப்பான மெருகைக் குறிக்கிறது என்று அறிஞர் ஒரு சாரார் பொருள் கொண்டனர். எவ்விதம் கொண்டாலும் கருத்து ஒன்றே. மேலே மினுமினுப்பு, உள்ளே வெறும் ஓடு. மெருகைத் தவறென்று ஞானி சொல்லவில்லை. மெருகுக்கும் உள்ளிருப்பதற்கும் இடையே உள்ள பொய்யைத்தான் சுட்டிக்காட்டுகிறார்.

இப்போது நம் ஊர்க் காரியத்திற்கு வருகிறேன்.

ஹாம் என்று ஆங்கிலப் பெயரில் சொல்லும்போது நம்மில் எவரும் முகம் சுளிப்பதில்லை. நகரத்திலிருந்து வருகிறது, விலை கூடியது, மேசைமேல் வைத்துப் படம் எடுக்கலாம். அதே இறைச்சி நம் சபையின் சில தெருக்களில் எத்தனையோ தலைமுறைகளாகக் கிறிஸ்துமஸ் நாளில் சமைக்கப்பட்டு வருகிறது. மிளகும் சின்ன வெங்காயமும் தட்டிப் போட்ட பன்றிக்கறிக் குழம்பு அது. அதற்கு மட்டும் இழிவான பெயர் ஒட்டிக்கொண்டது எப்படி? இறைச்சி ஒன்றுதான். சமைக்கிற வீடு வேறு, தெரு வேறு. நாம் முகம் சுளிப்பது எதைக் கண்டு என்று கர்த்தருடைய சமுகத்தில் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வீடு சந்திப்புக்குச் சென்றபோது நிகழ்ந்தது இது. நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் ஒரு சகோதரியின் வீடு. நான் அமர்ந்ததும் அவருடைய மகன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினான். குளிர்ந்த சோடாவும் ஒரு பிஸ்கட் பொட்டலமும் வந்தன. கிராமத்து ஊழியத்தில் இருப்பவர்களுக்கு அந்தச் சோடாவின் பொருள் தெரியும். மூடி திறக்காத புட்டியும் பிரிக்காத பொட்டலமும், "எங்கள் வீட்டுப் பாத்திரம் இதில் படவில்லை" என்று வாய் திறவாமல் சொல்லும் உத்தரவாதங்கள். அடுப்படியிலிருந்து குழம்பு மணம் வந்துகொண்டிருந்தது. "என்னம்மா சமையல்?" என்று கேட்டேன்.

அவர் தலைகுனிந்து, "பன்னிக்கறிங்கய்யா. நேத்து வெச்சது. நீங்கள்லாம் சாப்பிடுவீங்களோ என்னமோன்னு…" என்று இழுத்தார்.

"சோறு இருந்தா போடுங்கம்மா. பசிக்குது" என்றேன்.

அவர் உடனே எழுந்திருக்கவில்லை. சற்றுநேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டு வந்தது. நான் உண்டு முடிக்கும் வரை அவர் நின்றுகொண்டே இருந்தார். இரண்டாம் முறை குழம்பு ஊற்றும்போது சொன்னார்: "எங்க ஆத்தா காலத்துலேருந்து இந்தச் சபையிலதாங்கய்யா இருக்கோம். பலகாரத் தட்டு எல்லா வீட்லேருந்தும் வரும். எங்க வீட்ல உக்காந்து ஒரு வாய் சோறு தின்னது யாருமில்ல."

அதைக் குறையாகச் சொல்லவில்லை அவர். செய்தியாகச் சொன்னார். அதனால்தான் அச்சொற்கள் இன்றுவரை என்னை விட்டு நீங்கவில்லை.

அன்பானவர்களே, அதிரசமும் முறுக்கும் அடுக்கிய பலகாரத் தட்டு நல்லதுதான். அதில் அன்பு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது தெருவின் முனைவரை சென்று, வாசலில் கைமாறி, அங்கேயே முடிந்துவிடுமானால், அது வேகாத இறைச்சியின்மேல் தடவிய பாகு. பார்வைக்கு இனிக்கிறது. வெட்டினால் தெரியும்.

இந்தச் சோதனை நமக்கு மட்டும் வந்ததன்று. அப்போஸ்தலர் நடபடிகள் 10-ஆம் அதிகாரத்தில் பேதுரு யோப்பாவில் தங்கியிருந்த வீடு யாருடையது? தோல் பதனிடுகிற சீமோனுடையது. யூத சமுதாயம் ஒதுக்கி வைத்த தொழில் அது. தோல் தொழிலை நம் நாடு எப்படி நடத்தியது என்று அறிந்த நமக்கு, அந்த வீட்டின் முகவரி விளங்காமல் போகாது. அவ்வீட்டின் மேல்தளத்தில்தான் பேதுரு அந்தத் தரிசனத்தைக் கண்டார். நான்கு முனைகளும் கட்டப்பட்ட துப்பட்டி, அதில் எல்லா வகை உயிரினங்கள், அவற்றை அடித்துப் புசிக்கும்படி ஒரு கட்டளை. உணவைக் குறித்த தரிசனம்போல் தொடங்கிய அது, கொர்நேலியுவின் வீட்டு வாசலில் மனிதரைக் குறித்த தரிசனமாக முடிந்தது. எந்த மனிதனையும் தீட்டுள்ளவன் என்று சொல்லலாகாது என்பதைத் தேவன் தமக்குக் காண்பித்தார் என்று 28-ஆம் வசனத்தில் பேதுருவே அறிக்கையிடுகிறார்.

அதே பேதுரு அந்தியோகியாவில் என்ன செய்தார்? புறஜாதியாரோடு ஒரே பந்தியில் உண்டுவந்தவர், எருசலேமிலிருந்து யாக்கோபினிடத்தார் சிலர் வந்ததும் மெல்ல எழுந்து விலகிக்கொண்டார். உபதேசத்தை அவர் மறுக்கவில்லை. தட்டை மட்டும் மாற்றிக்கொண்டார். பவுல் எல்லார் முன்பாகவும் அவரைக் கடிந்துகொண்டதைக் கலாத்தியர் 2-இல் காண்கிறோம். அங்கே பவுல் கையாளும் கிரேக்கச் சொல் 'ஹுப்போக்ரிசிஸ்'. நாடக மேடையிலிருந்து வந்த சொல் அது. நடிகன் ஏற்கும் வேடத்தைக் குறிப்பது. சுவிசேஷத்தின் சத்தியம் பந்தியில் சோதிக்கப்படுகிறது என்பதைப் பவுல் அறிந்திருந்தார்.

நம் தஞ்சைச் சபைகளின் சரித்திரத்திலும் இந்தச் சோதனை உண்டு. கர்த்தருடைய ஆலயத்திற்குள்ளேயே சாதிவாரியாகத் தனித்தனியே அமர்ந்த காலம் இருந்தது. 1833-இல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை முற்றிலும் ஒழிய வேண்டும் என்று சுற்றுமடல் அனுப்பினார். அது தஞ்சைக்கு எட்டியபோது, ஏற்க மனமில்லாமல் பலர் சபையைவிட்டு விலகினார்கள். ஒரே ஆண்டவரை அறிக்கையிட்டவர்களுக்கு ஒரே பந்தியில் அமர்வது அத்தனை கடினமாக இருந்தது. இன்று ஆலயத்தில் ஒரே இருக்கையில் அமர்கிறோம். ஒரே பாத்திரத்தில் பங்குபெறுகிறோம். அதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆலயப் பந்தியில் வென்றதை வீட்டுப் பந்தியில் தோற்றுவிடலாமா?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பன்றி இறைச்சி உண்பதால் ஒருவர் ஆவிக்குரியவராகிவிடுவதில்லை. உண்ணாததால் ஒருவர் குறைந்துபோவதும் இல்லை. ரோமர் 14-இல் பவுல் கற்பிப்பது இதுவே: புசிக்கிறவர் புசியாதவரை அற்பமாக எண்ணலாகாது; புசியாதவர் புசிக்கிறவரைக் குற்றவாளியாகத் தீர்க்கலாகாது. உடல்நலத்தின் பொருட்டோ பழக்கத்தின் பொருட்டோ வேண்டாம் என்பவர்கள் தாராளமாக வேண்டாம் எனலாம். அவர்களுக்கு வெறும் சோறும் ரசமும் போதும். ஆனால் உணவை மறுப்பது வேறு. உணவைச் சாக்கிட்டு மனிதரை மறுப்பது வேறு. முதலாவதற்கு வேதத்தில் இடமுண்டு. இரண்டாவதற்கு இல்லை.

ஆகவே இவ்வாண்டு என் வேண்டுதல் ஒன்றே. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில் ஒரு நாளைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் சபையில் இதுவரை நீங்கள் அமர்ந்து உண்டிராத ஒரு வீட்டிற்குக் குடும்பமாகச் செல்லுங்கள். முன்னமே சொல்லிவிட்டுச் செல்லுங்கள். அவர்களுக்குச் செலவு வைக்காதபடி அரிசியோ எண்ணெயோ கையில் கொண்டுபோங்கள். கடைச் சோடா வேண்டாம் என்று நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். அவர்கள் வீட்டுத் தட்டில், அவர்கள் சமைத்ததை உண்ணுங்கள். அடுத்து அவர்களை உங்கள் வீட்டிற்கு அழையுங்கள். வாசல் திண்ணையில் அன்று, நீங்கள் உண்ணும் இடத்திலேயே அமரச் செய்யுங்கள். உங்கள் பிள்ளைகள் இதைக் காணட்டும். நம் பிரசங்கங்களைவிட அந்த ஒரு பந்தி அவர்கள் நினைவில் நெடுநாள் நிற்கும்.

இது ஒரே நாளில் வெந்துவிடும் காரியமன்று என்பதை அறிவேன். தலைமுறைகளாக இறுகிப்போனதைச் சிறு தீயில், நீண்ட நேரம், பொறுமையாய்த்தான் வேகவைக்க வேண்டும். சிலருக்கு முதல் வாய் தொண்டையில் இறங்காமல் போகலாம். சில வீடுகளில் பெரியவர்கள் கோபிக்கலாம். அதற்காக அடுப்பை அணைத்துவிட வேண்டாம். பரிசுத்த ஆவியானவரின் அனல் உள்நடுவரை செல்லட்டும். அதன்பின் நாம் கொடுக்கும் பலகாரமும், பாடும் கீதமும், சொல்லும் வாழ்த்தும் உண்மையான இனிமையோடு ஒளிரும்.

ஜெபிப்போம்: மாட்டுத் தொழுவத்தில் பிறக்கச் சித்தங்கொண்ட ஆண்டவரே, ஆயக்காரரோடும் பாவிகளோடும் பந்தியிருந்தவரே, எங்கள் வீட்டுப் பந்திகளை நீர் ஆராய்ந்து பாரும். எங்கள் உதட்டின் நேசம் எங்கள் உள்ளத்தின் நேசமாகட்டும். சமைத்ததை மறைத்து வைக்கும் அவமானத்தை எங்கள் சகோதர சகோதரிகளிடமிருந்து நீக்கியருளும். அதை உண்டாக்கும் மேட்டிமையை எங்களிடமிருந்து நீக்கியருளும். நீர் பிறந்த நாளில் ஒரே குடும்பமாய் அமர எங்களுக்குக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபம் கேளும், பிதாவே. ஆமென்.